சந்தியாகப்பர் பங்கில் மூன்று ஓலை

25 பிப்ரவரி 1998, விபூதிப் புதன்

நெற்றியில் விபூதியோடு கோயிலை விட்டு வெளியே வரும்போது பங்குச் சாமியார் லாசர் கூப்பிட்டார். வருகிற ஜூலையில் எங்கள் சந்தியாகப்பர் கோயில் பங்குக்கு நூற்றி இருபத்தைந்து வயது. திருவிழாவுக்கு மலர் ஒன்று போடுகிறார்களாம்.

"பங்கோட சரித்திரத்த நீங்கதான் எழுதணும் டீச்சர். உங்களுக்குத்தான் பிழையில்லாம எழுத வரும்."

பிழையில்லாமல் எழுத வரும் என்பதற்காக ஒருத்தியைச் சரித்திரம் எழுதச் சொல்கிற ஊர் எங்களுடைய புதுக்குளமாகத்தான் இருக்கும். சரி என்றேன். போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகல் நீண்டுகொண்டே போகிறது. தம்பி ஞானாதிக்கம் விடிந்ததும் ரைஸ் மில்லுக்குப் போய்விடுகிறான். அவன் மனைவி லில்லி என்னை அடுக்களையில் ஒரு கரண்டியைக்கூடத் தொட விடுவதில்லை. "நீங்க உக்காருங்க மதினி" என்கிறாள். உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"கீழத்தெரு சங்கதியெல்லாம் கார்டு சார் விசாரிச்சுத் தருவாரு" என்றார் சாமி. ரயில்வேயில் கார்டாக இருந்த பாக்கியநாதன். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். மனைவியை இழந்தவர். எனக்கு உதவி எதுவும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சாமி அதற்குள் போய்விட்டார்.

ஒருசந்தி நோன்பு. மதியம் கஞ்சியும் துவையலும்.

6 மார்ச்

பங்குப் பள்ளிக்கூடத்தில் சாமி ஒதுக்கிக் கொடுத்த அறையில் கார்டு சாரோடு முதல் சந்திப்பு. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். ஒன்று எனக்காம். என்னிடம் பேனா இருக்காது என்று யார் சொன்னார்கள்?

ஆனால் பேசத் தெரிந்தவர். கோயில் கட்டிய பிரெஞ்சுச் சாமியாரின் பெயர் புவாரியே. ஊர் வாயில் அது நுழையாமல் 'பொறைச் சாமி' ஆகியிருக்கிறது. கோபுர வேலை நடந்தபோது சாரம் சரிந்து கொத்தனார் அருளப்பன் விழுந்து செத்தார். கீழத்தெருக்காரர். கல்லறைத் தோட்டத்தில் முதன்முதலாகப் புதைத்தது அவரைத்தான். பொறைச் சாமி தம் கையாலேயே முதல் மண்ணைத் தள்ளினாராம்.

"அவரு கல்லறை எங்க இருக்கு சார்?"

"உங்க பக்கம்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

புதுக்குளத்தில் கத்தோலிக்கர் இருப்பது இரண்டே தெருவில். கோயிலுக்கு மேற்கே எங்கள் மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு. சாதி என்ற சொல்லை இங்கே யாரும் உச்சரிப்பதில்லை. தெருப் பெயரைச் சொன்னாலே போதும். ஒரே கோயில், ஒரே பூசை. கல்லறைத் தோட்டம் மட்டும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகக் கிடக்கிறது. ஆளுக்கொரு வாசல். கொத்தனார் அருளப்பனின் வம்சம் கல்லறைத் திருநாளன்று சுவரைப் பார்த்து நின்று செபம் சொல்லிவிட்டுப் போகிறது. சின்ன வயதிலிருந்து அந்தத் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். எனக்கு இது தெரியாது.

13 மார்ச்

சுவர் எப்போது வந்தது என்று அப்பாவின் பெரியப்பா மகன் சவரிநாயகத்திடம் போய்க் கேட்டேன். எனக்குப் பெரியப்பா முறை. வயது தொண்ணூறை நெருங்குகிறது, காது மட்டும் மந்தம். அவர் கத்தியதில் தெருவே கேட்டிருக்கும்.

"விசக் காய்ச்சல் வருசத்துக்கு அப்புறம்! கல்லு குடுத்தது உங்க தாத்தாதேன்!"

விஷக் காய்ச்சல் வந்த வருஷம் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கில்லாமல் செத்தார்களாம். இரண்டு தெரு ஆண்களும் சேர்ந்து குழி வெட்டினார்கள், சேர்ந்து தூக்கினார்கள். எந்தத் தெருப் பிணம் என்று கேட்க யாருக்கும் உடம்பில் சக்தியில்லை. காய்ச்சல் போய், உடம்பில் சக்தி திரும்பியதும் முதலில் செய்த வேலை அந்தச் சுவர்.

கடைசி வாக்கியத்தை அப்படியே அத்தியாயத்தில் எழுதிவிட்டேன். பிழையில்லாத வாக்கியம்தான்.

25 மார்ச்

மங்கள வார்த்தைத் திருநாள். கார்டு சாருடன் கீழத்தெருவில் மூன்று வீடு. எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டில் டம்ளரை என்னிடம் நீட்டுவதா, கீழே வைப்பதா என்று அந்தப் பெண் தடுமாறினாள். நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். கார்டு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது சொன்னார்: "டீச்சர், மூணு காப்பி குடிச்சிருக்கீங்க. இன்னிக்குத் தூக்கம் வராது."

வரவில்லை. காப்பிதான் காரணம்.

5 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறேன். பங்கில் பழைய காலத்தில் பாடிய பாட்டுகளைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதவேண்டியிருக்கிறது. அதற்காக.

லில்லி கேட்டாள்: "மதினி, அந்த மாம்பழக் கலர் சேலைய இத்தன வருசம் எங்க வச்சிருந்தீங்க?"

பெட்டியில்தான் இருந்தது. வெயில் காலத்துக்கு நூல் சேலைதானே உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்?

12 ஏப்ரல், உயிர்ப்புப் பெருவிழா

நடுச்சாமப் பூசையில் வானவர் கீதத்துக்கு மணி அடித்தபோது ஆர்மோனியம் அரைக் கட்டை தப்பிவிட்டது. பாடகர்கள் எல்லோரும் திகைத்தார்கள். கார்டு சார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சரிசெய்தார். இந்த வயதில் ஒரு மனிதர் தப்பு செய்துவிட்டு அப்படிச் சிரிக்கலாமா?

20 ஏப்ரல்

கார்டு சார் கண் ஆபரேஷனுக்காகத் திருச்சிக்கு மகள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருக்கிறார். சாமி சொல்லித்தான் தெரியும். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேலை பாதியில் நிற்கிறது.

23 ஏப்ரல்

வடாம் போட்டோம். எழுத ஒன்றுமில்லை.

27 ஏப்ரல்

எழுத ஒன்றுமில்லை.

2 மே

மழை மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது.

9 மே

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். "சொல்லாமப் போயிட்டேன் டீச்சர், கோவமா?" என்றார். சரித்திரத்தில் எனக்கு என்ன கோபம் என்றேன். பதில் பொருந்தவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அவருக்குப் படிக்க முடியவில்லை. சுவர் அத்தியாயத்தை நான் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வரக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பார். அதை நினைவுபடுத்தினேன்.

7 ஜூன், தமத்திரித்துவ ஞாயிறு

பங்குப் பேரவைக் கூட்டம். அத்தியாயங்களைச் சாமி வாசித்தார். பொறைச் சாமிக்குத் தலையாட்டினார்கள். கோபுரத்துக்குத் தலையாட்டினார்கள். சுவர் வந்ததும் மேலத்தெரு பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம்.

முதலில் எழுந்தது என் தம்பி. பேரவையில் அவன் துணைத் தலைவர்.

"நூத்தி இருபத்தஞ்சாவது வருசம் சாமி. நல்லத மட்டும் எழுதுவமே."

சவரிநாயகம் பெரியப்பா கைத்தடியைத் தரையில் தட்டினார். "சுவரு இருக்குறது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சத எதுக்கு எழுதணும்?"

கீழத்தெருக்காரர்களும் கார்டு சாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் எழுந்தேன். அந்த அத்தியாயம் இல்லையென்றால் என் பெயரும் வேண்டாம் என்றேன். குரல் நடுங்கியது. வகுப்பில் முப்பத்தைந்து வருஷம் நடுங்காத குரல்.

வீட்டில் ஞானாதிக்கம் சாப்பிட உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். "கார்டோட நீ தெருத்தெருவாப் போறத ஊரு பேசுதுக்கா. சரித்திரம் எழுதுற வேலையா அது?"

வேறென்ன வேலையாம் என்று கேட்டேன். லில்லி ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிரம்பும் வரை.

10 ஜூன்

கார்டு சார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"அத எடுத்துருங்க டீச்சர். உங்க வீட்ல சங்கடம் வேணாம். நாங்க இத்தன வருசம் அந்தச் சுவரோட இருந்துட்டோம்."

"உங்களுக்காக எழுதுனேன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்லையா?"

இவ்வளவு நேர்கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். பூட்டும்போது சாவி கீழே விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார்.

18 ஜூன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை பூசைக்குப் பிறகு கோயில் வளாகத்தில் ஆளில்லை. கார்டு சார் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தார். "அருளப்பன் கல்லறையப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பார்த்ததில்லை. "வாங்க" என்றேன். மேலத்தெரு வாசல் வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். திரும்பிப் பார்த்தால் அவர் வாசலிலேயே நிற்கிறார். பூட்டு கிடையாது, காவல் கிடையாது, தடுக்க ஒரு ஆள் கிடையாது. அறுபது வயது மனிதர், ஊர் ஊராக ரயிலுக்குக் கொடி காட்டிக்கொண்டு போன மனிதர், வாசலைத் தாண்டாமல் நிற்கிறார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

பெரிய சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கிறது அருளப்பன் கல்லறை. பெயர் தேய்ந்துவிட்டது. கரண்டியும் மட்டப்பலகையும் செதுக்கியிருப்பது மட்டும் தெரிகிறது. இவர் குனிந்து அதைத் தடவினார். "என் அம்மா வழிப் பூட்டன்" என்றார். இத்தனை மாதத்தில் அதைச் சொல்லவேயில்லை. நாங்கள் ஒரு கர்த்தர் கற்பித்த செபமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னோம்.

பிறகு சுவரைக் காட்டினார். "அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில என் சம்சாரம் அமலி இருக்கா. நானும் அங்கதான் போகணும். நீங்க இந்தப் பக்கம், உங்க அப்பா கிட்ட."

அப்பாவின் கல்லறை பத்தடி தள்ளித்தான் இருந்தது. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது போனவர். அப்போது ஞானாதிக்கத்துக்கு எட்டு வயது. அவனைப் படிக்கவைத்து, மில் வைத்துக் கொடுத்து, கல்யாணம் செய்துவைத்ததில் என் வருஷங்கள் போயின. குறையாகச் சொல்லவில்லை. போயின, அவ்வளவுதான்.

"நானும் அந்தப் பக்கம் வரட்டுமா?" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போகலாம் என்கிறேன் என்று நினைத்து, "வாங்களேன், அமலியப் பாக்கலாம்" என்று நடக்கத் தொடங்கினார். நான் நகரவில்லை. அப்போது புரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

கோயில் மணிக்கூண்டு வரைக்கும் நடந்தோம். அங்கே வந்ததும் சொன்னார்: "ஸ்டெல்லாகிட்ட ஒரு வார்த்த கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க" என்றேன்.

செருப்பை மேலத்தெரு வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். நான்தான் எடுத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறேன்.

28 ஜூன்

ஸ்டெல்லா திருச்சியிலிருந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா குறட்டை விடுவாரு. தெரியும்ல?" என்றாள். பிறகு அழுதாள். நானும்.

2 ஜூலை

ஞானாதிக்கத்திடம் சொல்லிவிட்டேன்.

"இந்த வயசுலயா?"

"வேற எந்த வயசு எங்கிட்ட இருக்கு?"

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைக்கல. இத்தன வருசமா யாரும் தேடலையே ஞானம்."

மில்லுக்குப் போனான். சாப்பிட வரவில்லை. அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கவேண்டாம். சொன்னது பொய்யும் இல்லை.

25 ஜூலை, சந்தியாகப்பர் திருநாள்

ஆயர் வந்தார், கொடியேற்றம், சப்பரம், வாணவேடிக்கை. மலர் கைக்கு வந்தது. என் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். சுவரைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. மீதி போய்விட்டது. காய்ச்சல் போய்ச் சக்தி திரும்பிய வாக்கியமும் இல்லை.

சாமியிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "பேரவையோட மல்லுக்கட்டி மிஞ்சுனது அவ்வளவுதான் டீச்சர். ஆனா மூணு வரி இருக்கு. நூத்தி இருபத்தஞ்சு வருசத்துல மொத மூணு வரி."

சண்டை போடத்தான் போனேன். அவர் சட்டைக் காலர் நனைந்து, குரல் கட்டிப்போய், பார்க்கப் பாவமாக இருந்தது. மோர் குடித்தாரா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் ஓலை. கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பார்கள்.

பூசை முடிகிற நேரத்தில் சாமி வாசித்தார். "புதுக்குளம் கீழத்தெரு, காலஞ்சென்ற சூசைமாணிக்கம், ஞானசவுந்தரி ஆகியோரின் மகன், மனைவியை இழந்த பாக்கியநாதனுக்கும், இதே பங்கு மேலத்தெரு, காலஞ்சென்ற மரியதாஸ், எலிசபெத் ஆகியோரின் மகள் ஜெயசீலிக்கும்..."

என் அப்பாவின் பெயரும் அவர் அப்பாவின் பெயரும் ஒரே மூச்சில். இந்தக் கோயிலில் ஆயிரம் ஓலை வாசித்திருப்பார்கள். இரண்டு தெருவின் பெயர் ஒரே ஓலையில் வந்ததேயில்லை.

"தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியிடம் அறிவிக்கக் கடவார்கள்" என்றதும் ஞானாதிக்கம் எழுந்து வெளியே போனான். செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

9 ஆகஸ்ட்

இரண்டாம் ஓலை. மேலத்தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. கீழத்தெருவிலும் சிலர் பேசவில்லை. அவர்களுக்கும் பயம் இருக்கும், கோபமும் இருக்கும். கார்டு சார் வீட்டுக் கதவில் சாணி அடித்திருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லா சொன்னாள்.

16 ஆகஸ்ட்

மூன்றாம் ஓலை. தடை என்று யாரும் வரவில்லை. திருமணத்தைத் தடுப்பதற்குத் திருச்சபை சொல்லும் காரணங்களில் தெரு இல்லை.

24 ஆகஸ்ட், திங்கள்

காலை ஆறு மணிப் பூசையில் எங்கள் கல்யாணத்தை மந்திரித்தார்கள். ஸ்டெல்லா, அவள் மாப்பிள்ளை, பாடகர் குழுவில் பாதிப் பேர். தம்பி வரவில்லை. லில்லி வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றவள், தாலி கட்டும்போது முன்னால் வந்து என் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

பிறகு எல்லோருமாக வேப்பமரத்தடிக்குப் போனோம். அமலியின் கல்லறையில் என் மாலையை வைத்தேன்.

30 ஆகஸ்ட்

கீழத்தெரு வீட்டில் காலைக் காப்பி நான்தான் போடுகிறேன். இவருக்குச் சர்க்கரை வேண்டாமாம். பள்ளிக்கூடத்தில் இத்தனை மாதம் நான் கொடுத்த தித்திப்புக் காப்பியையெல்லாம் மறுக்காமல் குடித்திருக்கிறார். குறட்டை உண்மைதான்.

11 அக்டோபர்

பேரவைக் கூட்டம். இவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் இப்போது எந்தத் தெருப் பிரதிநிதி என்று யாருக்கும் தெரியாததால் என்னையும் அழைக்கவில்லை.

மாலையில் லில்லி மூச்சிரைக்க வந்தாள். கீழத்தெருவுக்கு அவள் வருவது இதுதான் முதல்முறை. உட்காரக்கூட இல்லை.

"மதினி, கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கிறதப் பத்திப் பேச்சு வந்துச்சாம். இவங்க எந்திரிச்சு, சுவத்துல வழி வெட்டணும்னுட்டாங்களாம்."

"யாரு?"

"உங்க தம்பிதான். எல்லாரும் ஏன் எதுக்குனு சத்தம் போட்டிருக்காங்க. இவங்க சொன்னாங்களாம்: 'எங்கக்கா நாளைக்கு அந்தப் பக்கம் போயிரும். ஒரு மெழுகுதிரி கொளுத்த நான் ஊரச் சுத்திப் போகணுமா? என்னையப் படிக்க வச்சவ அவ'ன்னு."

அதற்குப் பிறகு சவரிநாயகம் பெரியப்பா கைத்தடியைத் தட்டினாராம். எல்லோரும் திட்டப்போகிறார் என்று பார்த்தால், "கல்லு நம்ம வீட்டுக் கல்லு. ஞானம் எடுக்கட்டும்" என்றாராம். அவருக்குச் சரியாகக் காது கேட்டதா என்று லில்லிக்குச் சந்தேகம்.

என்னைக் கல்லறைக்கு அனுப்ப என் தம்பிக்கு இருக்கும் அவசரத்தைப் பாருங்கள் என்று இவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு அப்படியே வேறாகிவிட்டது. இவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். லில்லிக்குக் காப்பி கொடுக்க மறந்துவிட்டேன்.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

கதவு இன்னும் வரவில்லை. நிலைக்கல்லும் இல்லை. இடித்த இடத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி, அவ்வளவுதான். சுவரின் மீதிப் பகுதி அப்படியே நிற்கிறது. அதற்கு வெள்ளையும் அடித்திருக்கிறார்கள்.

மந்திரித்த தண்ணீரோடு சாமி இந்தக் கீழத்தெருப் பக்கத்தை முடித்துவிட்டு அந்த வழியாக மேலத்தெருப் பக்கம் போனார். சனம் பின்னால் போகத் தயங்கி நின்றது. மேலத்தெருவில் பலர் இன்று வரவேயில்லை. வந்தவர்களிலும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடிக்கல் முழங்கால் உயரத்துக்கு இன்னும் இருக்கிறது. அதன் மறுபுறம் ஞானாதிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். கொத்தனார் அருளப்பன் வீட்டுப் பெண்கள் வந்தபோது அவர்கள் கூடையை வாங்கி அந்தப் பக்கம் வைத்தான். அவர்கள் தாண்டினார்கள். என்னைப் பார்த்தான். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர். இளைத்திருக்கிறான். நான் ஏதாவது சொல்லலாமென்று யோசிப்பதற்குள் என்னைத் தாண்டி இவரைப் பார்த்தான். இவர் காலைத் தூக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகும் கீழே பார்ப்பது இவருக்குச் சிரமம்.

ஞானாதிக்கம் கையை நீட்டினான்.

"பாத்து வாங்க மச்சான். கல்லு கூரா இருக்கு."

இவர் தாண்டிய பிறகும் அந்தக் கையை விடாமல் அப்பாவின் கல்லறை வரைக்கும் நடந்தார்.